வரிகளை அல்ல, முழுக் குடும்பங்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐயம்தீரான்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் ஏறத்தாழ 36 இலட்சம் வரிகள் கொண்ட ஒரு தரவுத்தொகுப்பு உள்ளது. ஒவ்வொரு வரியும் ஓர் உறுப்பினரின் ஓர் ஆண்டுக்கான பதிவு. உறுப்பினர்கள் சுமார் 1,50,000 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு வரியிலும் குடும்ப எண் இருக்கிறது. முழுத் தரவையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதிரியுருவையும் ஓட்டிப் பார்க்க நெடுநேரம் ஆவதால், 5% குடும்பங்களை மட்டும், அவற்றின் எல்லா உறுப்பினர்களோடும் எல்லா ஆண்டுகளோடும் சேர்த்து, தனியே பிரித்தெடுக்க விரும்புகிறேன். நான் பயன்படுத்துவது ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்.

முதலில் சாம்பிள் கட்டளைக்கு 5 என்று கொடுத்தேன். அது வரிகளில் 5%-ஐத் தேர்ந்தெடுத்ததால் குடும்பங்கள் சிதறிப்போயின. தந்தை இருக்கும் இடத்தில் பிள்ளை இல்லை, 2-ஆம் ஆண்டு இருக்கும் இடத்தில் 3-ஆம் ஆண்டு இல்லை. எனவே வேறு விதமாக முயன்றேன். வரிகளில் 5%-ஐக் குறியிட்டுவிட்டு, குறியிட்ட வரி ஒன்றேனும் உள்ள குடும்பத்தை முழுவதுமாக வைத்துக்கொண்டேன். குடும்பங்கள் இப்போது சிதறவில்லை. ஆனால் ஏறத்தாழ 98,000 குடும்பங்கள் எஞ்சி நிற்கின்றன. 5% கேட்டவனுக்கு 65% எப்படி வந்தது என்பது விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

உங்கள் இரண்டாவது வழியில் நடந்தது என்னவென்று ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். ஒரு வரி குறியிடப்படாமல் தப்புவதற்கான நிகழ்தகவு 0.95. ஒரு குடும்பத்துக்கு 24 வரிகள் இருந்தால், இருபத்து நான்கும் தப்புவதற்கான நிகழ்தகவு 0.95-இன் 24-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.29. ஆகவே அந்தக் குடும்பம் உங்கள் கோப்புக்குள் வந்துவிடுவதற்கான வாய்ப்பு 71%. ஒரே ஒரு வரி மட்டும் உள்ள குடும்பத்துக்கு அதே வாய்ப்பு 5% தான். 60 வரிகள் உள்ள பெரிய குடும்பத்துக்கோ 95%. இந்த வீதங்களெல்லாம் கலந்துதான் உங்களுக்கு 65% கிடைத்திருக்கிறது.

எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்பது இதில் சிறிய குறை. குறியிடும் வீதத்தைக் குறைத்து அதைச் சரிக்கட்டிவிடலாம். பெரிய குறை, உங்கள் கையில் இருப்பவை பெரிய குடும்பங்களை நோக்கிச் சாய்ந்த ஒரு தொகுதி என்பதே. நீண்ட காலம் கணக்கெடுப்பில் நீடித்தவர்கள், பல உறுப்பினர் உள்ளவர்கள் ஆகியோர் மிகையாகவும், இடையில் விலகியவர்களும் தனியாக வாழ்பவர்களும் குறைவாகவும் இருப்பார்கள். வீதத்தைக் குறைத்தால் இந்தச் சாய்வு போகாது. உண்மையில் கூடும், ஏனெனில் மிகச் சிறிய வீதத்தில் குடும்பத்தின் தேர்வு வாய்ப்பு அதன் வரி எண்ணிக்கைக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் அமைந்துவிடும்.

சீட்டுக் குலுக்கலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டுதான் இருக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீட்டைப் போட்டுவிட்டீர்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும், முதலில் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கி, குலுக்கலை அந்தப் பட்டியலின் மீது நடத்தி, அதன் விளைவை மீண்டும் முழுத் தரவோடு இணைக்க வேண்டும்.

ஸ்டாட்டாவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஈஜென் கட்டளையின் டேக் சார்பு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரே ஒரு வரிக்கு 1 என்றும் மற்றவற்றுக்கு 0 என்றும் குறியிடும். குறியிட்ட வரிகளுக்கு மட்டும் ரன்யூனிஃபார்ம் கொண்டு சமவாய்ப்பு எண் வழங்கி, மிகச் சிறிய 7,500 எண்களைப் பெற்ற வரிகளைத் தேர்ந்து, அந்தத் தேர்வைக் குடும்பத்தின் மற்ற வரிகளுக்கும் பரப்பிவிடலாம். அல்லது, குடும்பத்துக்கு ஒரு வரி மட்டும் வைத்துத் தனிக் கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பில் சாம்பிள் கட்டளையை எண்ணிக்கை என்ற விருப்பத்தோடு 7,500-க்கு ஓட்டி, பின்னர் குடும்ப எண்ணை வைத்து முழுத் தரவோடு மெர்ஜ் செய்யலாம், அதாவது இணைக்கலாம். சமவாய்ப்பு எண்களின் தொடர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் விதை எண்ணை முதலில் நிறுவ மறவாதீர்கள்.

ஐயம்தீரான்:

மிக்க நன்றி, ஐயா. டேக் வழியில் செய்து பார்த்தேன். சரியாக 7,500 குடும்பங்கள் வந்தன. ஆனால் ஒரு புதிய சிக்கல். விதை எண்ணை மாற்றாமல் அதே நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் வேறு 7,500 குடும்பங்கள் வருகின்றன. விதை எண் ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

செந்தாமரை:

விதை எண் உறுதிசெய்வது எண்களின் தொடரை மட்டுமே. அந்தத் தொடரில் எத்தனையாவது எண் எந்த வரிக்குப் போகிறது என்பதை அது உறுதிசெய்வதில்லை. நீங்கள் தரவை ஆண்டால் மட்டும் வரிசைப்படுத்தியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஒரே ஆண்டைக் கொண்ட பல வரிகளில் எது முதலில் நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதபோது, ஸ்டாட்டாவின் சார்ட் கட்டளை அதைத் தன் போக்கில் சமவாய்ப்பாக முடிவு செய்கிறது. அதற்கு அது பயன்படுத்துவது நீங்கள் நிறுவிய விதை எண்ணை அன்று, தனியான ஒரு விதையை. எனவே டேக் குறி விழும் வரிகளின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அவற்றுக்குக் கிடைக்கும் எண்களும் மாறுகின்றன.

குடும்ப எண், உறுப்பினர் எண், ஆண்டு ஆகிய மூன்றாலும் வரிசைப்படுத்திவிட்டு, இம்மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுகின்றனவா என்று இஸ்ஐடி கட்டளையால் சோதித்துவிடுங்கள். அது பிழை காட்டினால், சிக்கல் குலுக்கலில் இல்லை, தரவில் இரட்டைப் பதிவோ விடுபட்ட அடையாள எண்ணோ இருக்கிறது என்று பொருள். என்னைக் கேட்டால் கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன இரண்டாவது வழியே பாதுகாப்பானது. குடும்பத்துக்கு ஒரு வரி என்று சுருக்கி, குடும்ப எண்ணால் வரிசைப்படுத்திய கோப்பில் இரு வரிகள் சம நிலையில் நிற்பதற்கே இடமில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் நான் இரண்டு வாரங்களை இழந்திருக்கிறேன். குடும்ப எண் எந்த வகையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டாட்டாவில் ஜெனரேட் கட்டளை, வகை சொல்லாவிட்டால், புதிய மாறியை ஃபுளோட் என்ற, குறைந்த துல்லியம் கொண்ட எண் வகையில் உருவாக்கும். ஃபுளோட் வகையால் 1,67,77,216 வரையிலான முழு எண்களை மட்டுமே ஒன்றுவிடாமல் துல்லியமாகச் சேமிக்க முடியும். அதற்கு மேல் அடுத்தடுத்த எண்கள் ஒன்றாகச் சுருண்டுவிடும். நான் பகுதி எண்ணையும் வீட்டு எண்ணையும் சேர்த்து 9 இலக்கக் குடும்ப எண் ஒன்றை உருவாக்கியிருந்தேன். அந்த அளவில் ஃபுளோட் எண்களுக்கிடையே 8 முதல் 64 வரை இடைவெளி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த வீடுகள் எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன; எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. 80 பேர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கண்ட பிறகுதான் ஐயம் எழுந்தது. அடையாள எண்களை, பெரிய முழு எண்களையும் துல்லியமாகச் சேமிக்கும் லாங் அல்லது டபுள் வகையிலோ, எழுத்துச் சரமாகவோ மட்டுமே வைத்திருங்கள்.

சமவாய்ப்பு எண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஃபுளோட் வகையில் எண்களை வழங்கினால், சுமார் 6,000 குடும்பங்கள் இருந்தாலே, எங்கேனும் இரு குடும்பங்கள் ஒரே எண்ணைப் பெறும் வாய்ப்பு பாதியை எட்டிவிடுகிறது. ஒன்றரை இலட்சம் குடும்பங்களில் அது நிச்சயம் நிகழும். எண்ணாலும் குடும்ப எண்ணாலும் சேர்த்து வரிசைப்படுத்துபவருக்கு இதனால் பெரிய தீங்கில்லை. சமவாய்ப்பு எண்ணையே குடும்பத்தின் அடையாளமாகக் கொள்பவருக்கு இரு குடும்பங்கள் கலந்துவிடும்.

நிரல்நேசன்:

ஆர் மொழியிலும் பைத்தானிலும் இதே வேலையைச் செய்பவர்களுக்காகச் சில குறிப்புகள், ஏனெனில் அங்கே பொறிகள் வேறு இடங்களில் இருக்கின்றன.

ஆர் மொழியில் குடும்ப எண்களின் தனித்த மதிப்புகளை யுனிக் சார்பால் எடுத்து, சாம்பிள் சார்பால் 7,500-ஐத் தேர்ந்து, அவற்றுக்குள் அடங்கும் வரிகளை வடிகட்டினால் போதும். மூன்று வரிகளில் முடியும். பலர் இதற்கு மாறாக, டிப்ளையர் தொகுப்பில் குரூப் பை என்று குடும்பவாரியாகப் பிரித்து, அடுத்து ஸ்லைஸ் சாம்பிள் என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது ‘குழுக்களில் மாதிரி எடு’ என்பது போலத் தோன்றும். அது செய்வதோ, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் சில வரிகளை எடுப்பது. எல்லாக் குடும்பங்களும் இருக்கும், எல்லாம் குறைபட்டிருக்கும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் குரூப்பை செய்து சாம்பிள் அழைத்தாலும் இதுவே நிகழும். இது படுகைவாரியாகக் கூறெடுப்பது, அதாவது எல்லாக் குழுக்களிலிருந்தும் சிலவற்றை எடுப்பது. நாம் இங்கே பேசுவதோ கொத்துக் கூறெடுப்பு, அதாவது சில குழுக்களை முழுமையாக எடுப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான செயல்கள்.

சாம்பிள் சார்பில் இன்னொரு பழைய பொறி இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணைத் தராமல், 1 முதல் அந்த எண் வரையிலான தொடரிலிருந்து தேர்ந்தெடுக்கும். முழுப் பட்டியலில் இது ஒருபோதும் தலைகாட்டாது. ஆனால் பகுதிவாரியாகப் பிரித்துக் குலுக்கும்போது, ஏதோ ஒரு பகுதியில் 4517 என்ற ஒரே குடும்பம் இருந்துவிட்டால், அந்தப் பகுதியிலேயே இல்லாத 2093-ஆம் குடும்பம் தேர்வாகி வரும்.

பழைய நிரலை மீண்டும் ஓட்டுபவர்கள் கவனிக்க: 2019-இல் வெளியான ஆர் 3.6.0 பதிப்பில், சாம்பிள் சார்பு முழு எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் கிடைத்த தேர்வு, அதே விதை எண்ணுக்கு இன்று கிடைக்காது. பழைய முறையைக் கேட்டு வாங்க வேண்டும். எஸ்ஏஎஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலைகள் குறைவு. அதன் சர்வேசெலக்ட் செயல்முறையில் மாதிரி அலகு எது (வரியா, குடும்பமா) என்று சொல்லவே தனிக் கூற்று உண்டு.

ஒரு யோசனையும் உண்டு. ஐயம்தீரானின் தரவு பல கோப்புகளாக இருந்தால், பட்டியல், மெர்ஜ் எதுவும் இல்லாமல், குடும்ப எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 00 முதல் 04 வரை உள்ளவற்றை மட்டும் ஒவ்வொரு கோப்பிலும் வைத்துக்கொண்டால் 5% கிடைத்துவிடுமே?

கணக்குப்பிள்ளை:

இதை நான் ஏற்கமாட்டேன், நண்பரே. அடையாள எண்ணின் கடைசி இலக்கங்கள் சமவாய்ப்பாக அமைந்தவை என்பதற்கு என்ன உத்தரவாதம்? கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்த சரிபார்ப்பு இலக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு பகுதியிலும் 01 முதல் எண்ணிடத் தொடங்கி 30 அல்லது 40 வீடுகளோடு நிறுத்தியிருந்தால், 00 முதல் 04 வரை என்பது ஒவ்வொரு பகுதியிலும் களப்பணியாளர் முதலில் சென்ற வீடுகள் ஆகிவிடும். அப்போது 5%-உம் கிடைக்காது, சமவாய்ப்பும் கிடைக்காது.

ஆனால் உங்கள் யோசனையின் உயிர்ப்பகுதியைக் காப்பாற்றலாம். குடும்ப எண்ணோடு ஓர் இரகசியச் சொல்லை ஒட்டி, ஏதேனும் தரமான ஹேஷ் சார்பில் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே கலைந்த எண்ணைத் தரும் சார்பில்) செலுத்தி, கிடைக்கும் எண்ணை 100-ஆல் வகுத்த மீதி 5-க்குக் குறைவாக உள்ளவற்றை வைத்துக்கொள்ளலாம். நினைவகத்தில் அடங்காத கோப்புகளைத் துண்டு துண்டாகப் படிக்கும்போதும், அடுத்த ஆண்டின் கோப்பு பிறகு வந்து சேரும்போதும், அதே குடும்பம் அதே முடிவையே பெறும் என்பது இதன் பெரும் நன்மை. கிடைக்கும் எண்ணிக்கை மட்டும் சரியாக 7,500 ஆக இராது. 1,50,000 குடும்பங்களில் அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 84 என்பதால் 170 கூடியோ குறைந்தோ வந்தால் வியப்படைய வேண்டாம்.

ஐயம்தீரான்:

பட்டியல் வழியில் இப்போது எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே குடும்பங்கள் வருகின்றன. வரிகளின் எண்ணிக்கை 1,78,412. 36 இலட்சத்தில் 5% என்றால் 1,80,000 வர வேண்டுமே என்பது ஒரு கேள்வி. மற்றொன்று, இந்த மாதிரியிலிருந்து சராசரி வருமானத்தைக் கணக்கிட்டால் திட்டப் பிழை (மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறும் என்பதன் அளவு) மிகச் சிறிதாக வருகிறது. அதை அப்படியே எழுதிவிடலாமா?

செந்தாமரை:

முதல் கேள்விக்கு விடை எளிது. நீங்கள் நிலைநிறுத்தியது குடும்பங்களின் எண்ணிக்கையை. வரிகளின் எண்ணிக்கை எந்தக் குடும்பங்கள் வந்தன என்பதைப் பொறுத்து மாறும். 1,78,412 மிக நெருங்கிய எண்தான்.

இரண்டாவது கேள்விக்கு விடை, கூடாது என்பது. மென்பொருள் 1,78,412 வரிகளையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனிச் செய்திகளாக எண்ணிக்கொண்டு திட்டப் பிழையைக் கணித்திருக்கிறது. ஆனால் ஒரு குடும்பத்துக்குள் வருமானங்கள் ஒத்துப்போகும். ஒரே ஆளின் அடுத்தடுத்த ஆண்டுகள் இன்னும் அதிகமாக ஒத்துப்போகும். ஒரு குடும்பத்தின் 24-ஆம் வரி நமக்குப் புதிதாகச் சொல்வது மிகக் குறைவு. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் ‘வடிவமைப்பு விளைவு’ என்ற அளவை இதற்காகவே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குழுவின் சராசரி அளவிலிருந்து 1-ஐக் கழித்து, குழுவுக்குள் உள்ள ஒட்டுறவுக் கெழுவால் (ஒரே குழுவின் வரிகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்ற எண்ணால்) பெருக்கி, 1-ஐக் கூட்டினால் அது கிடைக்கும். உங்களுக்கு அளவு 24. ஒட்டுறவு 0.2 என்று வைத்துக்கொண்டால் 23-ஐ 0.2-ஆல் பெருக்க 4.6, அதோடு 1 கூட்ட 5.6. உங்கள் 1,78,412 வரிகளுக்கு, எளிய சமவாய்ப்பு முறையில் எடுத்த சுமார் 32,000 வரிகளின் மதிப்புதான் உண்டு. குடும்பங்கள் சமமற்ற அளவில் இருப்பதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

எனவே, மாதிரி எடுத்த விதத்தை ஸ்டாட்டாவுக்குச் சொல்லும் எஸ்விஒய்செட் கட்டளையில் குடும்ப எண்ணை முதன்மை மாதிரி அலகாக அறிவித்துவிட்டு, அதன் பிறகே சராசரியைக் கணக்கிடுங்கள். வரிவாரிச் சராசரியில் மேலே உள்ள கூட்டுத்தொகை, கீழே உள்ள வரி எண்ணிக்கை இரண்டுமே மாதிரியைப் பொறுத்து மாறுகின்றன என்பதால் அது ஒரு விகித மதிப்பீடு. அதில் சிறு சாய்வு உண்டு என்று பாடநூல்கள் சொல்லும். குழுக்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்தச் சாய்வு தேய்ந்துவிடும். 7,500 குழுக்களில் அதைப் பற்றி உறக்கம் இழக்க வேண்டியதில்லை. மாறாக 12 அல்லது 15 குழுக்களை மட்டும் எடுப்பவர்கள் உண்மையாகவே கவலைப்பட வேண்டும். கட்டின்மை வரைகள், அதாவது திட்டப் பிழையை மதிப்பிட உதவும் தனித்தனிச் செய்திகளின் எண்ணிக்கை, குழுக்களின் எண்ணிக்கையிலிருந்து வருகின்றன, வரிகளிலிருந்து அன்று.

நிரல்நேசன்:

சற்று மறுத்துப் பேச அனுமதியுங்கள். ஐயம்தீரான் முதலில் கேட்டது, ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு சிறிய கோப்பு. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு வடிவமைப்பு விளைவும் விகித மதிப்பீடும் எதற்கு? முதல் 7,500 குடும்பங்களை எடுத்துக்கொண்டால்கூடப் போதும்.

கணக்குப்பிள்ளை:

நிரலின் வேகத்தைப் பார்க்க மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் சோதனைக்கு என்று வெட்டிய கோப்பிலிருந்து ஓர் அட்டவணை அறிக்கைக்குள் நழுவிப் போவதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன், அவர் கேட்ட கடைசிக் கேள்வியே வருமானத்தின் திட்டப் பிழையைப் பற்றியதாக இருக்கிறது. மேலும் முதல் 7,500 குடும்பங்கள் ஒரே பகுதியைச் சேர்ந்தவையாக இருந்தால், மற்றப் பகுதிகளில் மட்டும் தோன்றும் குறியீடுகளை உங்கள் நிரல் சந்திக்கவே செய்யாது. அப்போது அது சோதனையாகக்கூடத் தேறாது.

பெரிய குழுக்களுக்கு வேண்டுமென்றே அதிக வாய்ப்பு தரும் முறையும் உண்டு. புள்ளியியலாளர்கள் ஹான்சன், ஹர்விட்ஸ் இருவரும் 1943-இல் அதன் கோட்பாட்டை எழுதினார்கள். ஐயம்தீரான் தொடக்கத்தில் தவறாகச் செய்தது அதன் தூரத்து உறவு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேறுபாடு, அவர்கள் ஒவ்வொரு குழுவின் வாய்ப்பையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, மதிப்பிடும்போது அந்த வாய்ப்பால் வகுத்தார்கள் என்பதே.

ஐயம்தீரான்:

எஸ்விஒய்செட் செய்தபின் திட்டப் பிழை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இன்னொன்றையும் இப்போதுதான் கண்டேன். குடும்பப் பட்டியலை எண்ணால் வரிசைப்படுத்திக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது, இறுதியில் குடும்ப எண்ணே இல்லாத ஒரு ‘குடும்பம்’ நிற்கிறது. முழுத் தரவில் அதற்கு 3,106 வரிகள். எண் விடுபட்ட எல்லாரும் சேர்ந்து ஒரு குடும்பமாகிவிட்டார்கள்! நல்ல வேளையாக இந்த முறை அது தேர்வாகவில்லை.

செந்தாமரை:

டேக் சார்பு விடுபட்ட மதிப்புகளைத் தானாகவே ஒதுக்கிவிடும். குடும்பத்துக்கு ஒரு வரி என்று நீங்கள் கையால் சுருக்கும்போது அவை ஒரு குழுவாக நுழைந்துவிடும். பாண்டாஸின் குரூப்பை அவற்றைச் சொல்லாமல் நீக்கிவிடும், யுனிக் நீக்காது. அந்த வரிகளைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு, எத்தனை விலக்கினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். பட்டியல் மாறிவிட்டதால் மீண்டும் குலுக்க வேண்டியிருக்கும். அப்போது சராசரி பிடிக்கவில்லை என்று விதை எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.

ஐயம்தீரான்:

மாற்றவில்லை. அதே விதை எண்ணோடு மீண்டும் ஓட்டினேன்: 7,500 குடும்பங்கள், 1,80,957 வரிகள். மெர்ஜ் செய்தபின், தேர்வான ஒவ்வொரு குடும்பத்தின் வரி எண்ணிக்கையும் முழுத் தரவில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று தனியே சோதித்தேன். ஒரு வரியும் விடுபடவில்லை.